சட்டைப் பையில் ஒரு பியூஸ் கட்டை

சரவணம்பட்டியில் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் தோட்டத்து மோட்டார் பெட்டியின் எண். எடுத்தேன்.

“மோட்டார் ஓடுகிறது,” என்றது ஒரு பெண் குரல். அது என் குரல்தான்.

வேறு நாளாக இருந்தால் கேட்டதும் வைத்துவிடுவேன். அன்று கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. காலையில் நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்: “லைன்ல வேலை பாக்கறாங்களாமா. மத்தியானம் வரைக்கும் கரண்ட் வராது. அதுக்குள்ள கம்ப்ரசர் பெல்ட்ட மாத்திப்போடறேன்.”

பெல்ட் மாற்றுகிற ஆள் மோட்டாரை ஓடவிட மாட்டார். அப்படியானால் மோட்டாரை ஓட்டியது யார்?

எங்கள் போர்வெல்லில் மோட்டார் உள்ளே இல்லை. மேலே ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. அது குழாய்க்குள் காற்றை அடிக்கும், காற்றோடு தண்ணீர் மேலே வரும். மோட்டாரையும் கம்ப்ரசரின் பெரிய சக்கரத்தையும் பெல்ட் இணைக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு கையையும் விட்டுத்தான் ஆகவேண்டும். வேறு வழி கிடையாது.

அவருக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்குப் போட்டேன். உறவுக்காரர் இல்லை, வயதில் பெரியவர், முழங்கால் வலிக்காரர். அவர் எடுத்தார்.

“மாமா, எங்க மோட்டார் ரூமுக்கு ஓடிப்போய்ப் பாருங்க மாமா.”

“எதுக்கு அம்மணி? மோட்டார்தான் ஓடுதே. சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.”

“ஓடக்கூடாது மாமா. அவரு பெல்ட்டு மாத்திட்டிருக்காரு.”

“அட, மாத்தி முடிச்சிருப்பான்.” காது கொடுத்துக் கேட்டார். “இப்ப நின்னுபோச்சே, சத்தத்தக் காணோம்.”

அதே நேரத்தில் காதில் இன்னொரு அழைப்பின் டிக் டிக். மாமாவைத் துண்டித்துவிட்டு எடுத்தேன். “மோட்டார் நின்றுவிட்டது,” என்றேன் நான், எனக்கே.

மாமாவை மறுபடி கூப்பிட்டேன். “போறேன் அம்மணி, போறேன். என்ற காலுக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள நீ வந்துருவ போ,” என்றார்.

டீம் லீடு எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். கைகூடக் கழுவவில்லை. ஸ்கூட்டர் ஹேண்டிலில் சோறு ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

சத்தி ரோட்டில் அந்த நேரத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கோவில்பாளையம் தாண்டும்வரை என் கண்ணில் லாரி படவில்லை, சக்கரம்தான் பட்டது. மோட்டார் ஏன் நின்றது? அவர் நிறுத்தினாரா, ஏதாவது மாட்டிக்கொண்டு நின்றதா? ஒரு ஆளின் கை மாட்டினால் அந்த மோட்டார் நிற்குமா, நிற்காமல் இழுக்குமா? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். யோசிக்காதே என்று சொல்வதற்கு யாரும் இல்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கினது இல்லை. மோட்டாரைப் போனிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும், கரண்ட் வந்ததும் தானாக எடுக்கவும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. நிரல் முழுக்க இணையத்தில் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தி அனுப்பலாம். நடத்துகிறவர் வேறு நாட்டில் இருக்கிறார், முகம் பார்த்ததில்லை. நான் ஆபீஸில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை பார்க்கிறவள். உதிரிப் பாகங்களைக் காந்திபுரத்தில் வாங்கி, நானே பெட்டி செய்து எங்கள் மோட்டார் ரூமில் மாட்டினேன். பிறகு பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். அதில் தமிழ் இல்லை என்று, பெட்டி பேசும் வாக்கியங்களைத் தமிழில் எழுதி, துணி அலமாரிக்குள் தலையை விட்டு என் குரலில் பதிவு செய்து அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் திட்டத்துக்கு நான் கொடுத்த முதல் பங்கு அதுதான். பெருமையாக இருந்தது. அப்போது அது எனக்குப் பயமாகவெல்லாம் இல்லை.

வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிக்குள் திரும்பியபோது மாமா பாதித் தூரத்தில் நடந்துகொண்டிருந்தார். கையை ஆட்டினார். நான் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் மோட்டார் ரூமுக்கு வெளியே தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வெறும் உடம்பு. முகத்தை நான் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். இரண்டும் மடியில் இருந்தன. கறுப்பாக இருந்தன. ரத்தமா கிரீஸா என்று தெரியவில்லை.

“கையக் காட்டுங்க.”

“எதுக்கு? கைரேக பாக்கறயா?”

“காட்டுங்கன்னா காட்டுங்க!”

காட்டினார். கிரீஸ்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார். “எல்லாம் இருக்குது புள்ள. துண்டுதான் போச்சு.” சிரித்தாரே தவிர, பக்கத்திலிருந்த சொம்பை எடுத்தபோது தண்ணீர் தொடையில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். புது பெல்ட்டைப் பாதி ஏற்றிவிட்டு, மீதியை நெம்புவதற்கு ஒரு கம்பி எடுக்க வாசலுக்கு வந்திருக்கிறார். கிரீஸ் துடைத்த துண்டு சக்கரத்தின் மேல் கிடந்திருக்கிறது. திரும்பி ஒரு எட்டு வைக்கும்போது மோட்டார் எடுத்துவிட்டது. துண்டை உள்ளே இழுத்து, சுற்றி, கிழித்து, பெல்ட்டைச் சுவரில் வீசியடித்திருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு கறுப்புத் தழும்பு. அவர் சுவரை ஒட்டிக்கொண்டே ஓரமாகப் போய் சிவப்புப் பட்டனை அமுக்கியிருக்கிறார். போன் சட்டைப் பையில். சட்டை ஆணியில். அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்.

“பேய் புடிச்ச மாதிரி தானா எடுக்குது. பியூஸ் கட்டை என்ற பாக்கெட்லதான் இருக்குது, பாரு.” ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து எடுத்துக் காட்டினார். பீங்கான் கட்டை. ஒன்று.

அதைப் பார்த்ததும் எனக்குப் பேய் எது என்று தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் மோட்டாரில் கை வைக்கிறவர்கள் மெயின் சுவிட்சை இறக்குவதில்லை. இறக்கினால் கரண்ட் வந்ததா என்று பெட்டிக்குத் தெரியாது, போனில் சொல்லாது. அதனால் மூன்று பியூஸ் கட்டையில் ஒன்றை மட்டும் பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில், அதாவது மூன்று பேஸில், ஒன்று குறைந்தால் பெட்டி மோட்டாரை எடுக்க விடாது. கட்டை என் பையில் இருக்கிறவரை யாரும் ஓட்ட முடியாது என்பதுதான் கணக்கு. எல்லாத் தோட்டத்திலும் இதுதான் பழக்கம். கேட்டால் “பியூஸ் என்கிட்ட இருக்குது” என்பார்கள். சாவி என்கிட்ட இருக்கிறது என்பதுபோல.

ஆனால் லைனில் எப்போதும் மூன்று பேஸ் வருவதில்லை. சில நேரம் இரண்டுதான் வரும். அப்போது கண்டென்சர் போட்டு இரண்டிலேயே மோட்டாரை ஓட்டுவோம். அதற்குத் தோட்டத்துக்குப் போய் சுவிட்சை மாற்ற வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் திட்டத்துக்கு ஒரு நிரல் எழுதி அனுப்பியிருந்தான்: ஒரு பேஸ் இல்லாவிட்டால் பெட்டியே கண்டென்சருக்கு மாறி மோட்டாரை எடுத்துவிடும். யாரும் நடக்க வேண்டாம். நல்ல நோக்கம்தான். அவன் ஊரில் பியூஸைப் பிடுங்கிப் பையில் போடும் பழக்கம் இல்லை போலிருக்கிறது. புதுப் பதிப்பை எங்கள் பெட்டி தானாகவே இறக்கிக்கொண்டுவிட்டது. கரண்ட் வந்தது. ஒரு பேஸைக் காணோம், அது என் வீட்டுக்காரர் பையில் இருந்தது. இரண்டு பேஸ் லைன் என்று பெட்டி நினைத்தது. ஓட்டிவிட்டது.

மாமா அப்போதுதான் வந்து சேர்ந்தார். “கை காலெல்லாம் இருக்குதா?” என்றார். நான் அவரிடம் கேட்டேன்: “மாமா, நீங்க எத்தன கட்டை புடுங்குவீங்க?”

“ஒண்ணுதான். உங்கூட்டுக்காரன் மூணு புடுங்குவானாக்கும்?”

அவருடைய தோட்டத்துக்குப் போய்ப் பெட்டியின் ஒயரை அறுத்தேன். அவிழ்க்கக்கூடப் பொறுமை இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது ஏறவில்லை.

“ஏன் அம்மணி, இத்தன நாள் நல்லாத்தான ஓடுச்சு? டூ பேஸ்ல தானா எடுக்குது, நான் இந்தக் கால வெச்சுட்டு நடக்கறதில்ல. பெட்டி குடுத்ததும் நீ, புடுங்கறதும் நீ.”

“கை போனா நான் குடுக்க முடியாதுங்க மாமா.”

“நாப்பது வருசமா போகாத கை,” என்றார். கோபம்தான். எனக்கும்தான். அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை என்பதைவிட, அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. எல்லோரும் இதையேதானே சொல்வார்கள்.

மாமாவின் ஒயரை அறுத்துவிட்டேன். மற்றவர்களுடையதை யார் அறுப்பது? கடைக்காரனுக்காவது யாருக்கு விற்றோம் என்று தெரியும். சும்மா கொடுத்தவனுக்குத் தெரியாது. அவிநாசியில் இருக்கலாம், பல்லடத்தில் இருக்கலாம், சத்தியமங்கலத்துக் காட்டோரத்தில் இருக்கலாம். எங்கே இருந்தாலும் தமிழ் பேசும் பெட்டி என்றால் அது என் குரல். ஒருவன் சக்கரத்துக்குள் கை விட்டிருக்கும்போது, அவன் பொண்டாட்டிக்குப் போன் செய்து ‘மோட்டார் ஓடுகிறது’ என்று சொல்லப் போகிறவள் நான்.

திட்டத்தின் பக்கத்தில் எழுதினேன். இந்தப் பதிப்பு ஆளைக் கொல்லும், உடனே திரும்பப் பெறுங்கள் என்று எழுதினேன். நடத்துகிறவரின் பதில் வந்தது. கையேட்டில் மெயினை நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது, இது பயன்படுத்துகிறவர் செய்த தவறு, மென்பொருளில் பிழை இல்லை என்றார். கையேடு! எங்கள் மோட்டார் ரூமில் கையேடு எங்கே இருக்கிறது? இருக்கிற காகிதம் எல்லாம் மேலே கூடு கட்டியிருக்கும் குருவிக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் செத்திருந்தால் கையேட்டைப் பாடையில் வைத்து அனுப்பியிருப்பீர்களா என்று எழுதினேன். மரியாதையான தொனியில் எழுதவும் என்று வேறொருவர் பதில் போட்டார். ஏனுங்க, வாங்க, போங்க என்று ஊரே மரியாதையாகப் பேசும் இடத்தில் பிறந்தவள் நான். ஆத்திரம் வந்தால் அதெல்லாம் வராது. ஆங்கிலத்தில் சுத்தமாக வராது.

பேசிப் பயனில்லை, நிரலை நானே திருத்துவது என்று உட்கார்ந்தேன். குரல் கொடுத்தது வேறு, இது வேறு. வேலையில் அடுத்தவன் எழுதியதைக் குறை சொல்லித்தான் பழக்கம். இப்போது நான் எழுதும் ஒரு வரி தப்பானால் அதுவும் எங்கோ ஒரு சக்கரத்தை ஓட்டும். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

முதலில் இப்படி எழுதினேன்: கரண்ட் இருக்கும்போதே ஒரு பேஸ் மட்டும் தனியாகப் போனால் அது பியூஸ் பிடுங்கியது, மோட்டாரை எடுக்காதே. மோட்டாருக்குப் பதிலாக மூன்று குண்டு பல்பை மாட்டிச் சோதித்தேன். ஒரு கட்டையைப் பிடுங்கினேன். பல்பு எரியவில்லை. சரியாக இருந்தது. பிறகு அன்று நடந்ததைப் போலவே செய்தேன். முதலில் கரண்டை நிறுத்தி, அப்புறம் கட்டையைப் பிடுங்கி, கரண்டைப் போட்டேன்.

பல்பு எரிந்தது.

வெறும் பல்புதான். இருந்தாலும் நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். கரண்ட் இல்லாத நேரத்தில் கட்டையைப் பிடுங்கினால் லைன் குறைந்ததா, கட்டை குறைந்ததா என்று பெட்டிக்குத் தெரியவே தெரியாது. நம் ஆட்கள் கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத்தானே மோட்டாரில் கை வைக்கிறார்கள். என் திருத்தத்தை அவசரப்பட்டு அனுப்பியிருந்தால், சரிசெய்தாயிற்று என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். அது இன்னும் மோசம்.

ஒரே வழிதான் இருந்தது. இரண்டு பேஸில் ஓட வேண்டுமென்றால் ஒரு ஆள் வந்து பெட்டியின் பட்டனைக் கையால் அமுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும். தானாக எடுக்கவே கூடாது. அதாவது அந்தப் புண்ணியவானின் வசதியை முழுதாகக் கொல்ல வேண்டும். அப்படியே எழுதி, சோதித்து, அனுப்பினேன்.

அவன் எதிர்த்தான். இந்த வசதிக்காகப் பலர் காத்திருந்தார்கள், வயதானவர்கள் நடக்க வேண்டியதில்லை, உங்கள் ஒரு வட்டாரத்தின் கெட்ட பழக்கத்துக்காக எல்லோரும் ஏன் நடக்க வேண்டும் என்றான். மாமாவே ஆங்கிலம் கற்றுக்கொண்டு எழுதியதுபோல இருந்தது. நடத்துகிறவர் இரண்டு பக்கமும் பேசினார். உண்மையிலேயே இப்படி நடக்கும் என்பதற்கு ஆதாரம் காட்ட முடியுமா என்றார். பல்பு வேண்டாம், மோட்டாரிலேயே காட்டுங்கள்.

காட்ட வேண்டுமென்றால் மறுபடி அதைச் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், தானாக எடுக்கும் அந்தப் பழைய நிரலை எங்கள் பெட்டியில் திரும்ப ஏற்றினோம். என் போன் படம் பிடிப்பதால் பெட்டியின் அழைப்பு அவர் போனுக்கு வரும்படி வைத்தோம். என் வீட்டுக்காரர் கரண்ட் போன மாதிரி மெயினை இறக்கி, ஒரு கட்டையைப் பிடுங்கி, போன் கேமராவுக்குக் காட்டி, சட்டைப் பையில் போட்டார். சக்கரத்தில் ஒரு பழைய துண்டைப் போட்டார்.

“துண்டுக்குப் பதிலா உங்க மாமாவ உக்கார வெக்கலாமா?”

“வாய மூடிட்டு வெளிய வாங்க.”

“நான் வந்துட்டேன். நீ தள்ளி நில்லு புள்ள.”

மெயின் உள்ளே இருக்கிறது. அதைப் போட யாராவது உள்ளே போயாக வேண்டும். நான் போகிறேன் என்றேன். அவர் விடவில்லை. நீளமான மூங்கில் கழியால் வாசலிலிருந்தே நெம்பினார். மெயின் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் எடுக்கும். எனக்குத் தெரியும். நான் படித்த நிரல். இருந்தும் அந்த அமைதியில், நடக்காது போலிருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று அவர் காலை உள்ளே எடுத்து வைத்தார்.

நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அதே நேரத்தில் மோட்டார் எடுத்தது. துண்டு ஒரு கிழிசல் சத்தத்தோடு உள்ளே போனது. வீடியோ முழுக்க ஆடியது. கடைசியில் வானம்தான் தெரிகிறது. அவர் என் மேல் விழுந்து கிடக்க, என் கையிலிருந்த போன் தரையில் கிடக்க, அவருடைய போன் சட்டைப் பையில் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைக்கவில்லை, அமுக்கினார். ஸ்பீக்கரில் என் குரல் சொன்னது, “மோட்டார் ஓடுகிறது.”

விழுந்த இடத்திலேயே நான் அழுதேன். அவர் கழியால் மெயினைத் தட்டி இறக்கிவிட்டு வந்து, “இப்பப் படம் நல்லா வந்துச்சா?” என்றார். அவர் உதடு வெளுத்திருந்தது.

வீடியோவை அப்படியே அனுப்பினேன். நடத்துகிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கடைசியில் ஒரு பெண் குரல் கேட்கிறதே, அது என்ன சொல்கிறது?

மோட்டார் ஓடுகிறது என்று சொல்கிறது, அது நான்தான், உங்கள் திட்டத்துக்கு நான் கொடுத்தது என்று எழுதினேன்.

என் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். அன்றே புதுப் பதிப்பு வெளியானது. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மாமாவின் பெட்டிக்குப் புது ஒயர் போட்டுக் கொடுத்தேன். டூ பேஸ் வந்தால் இப்போது அவர் நடந்துபோய்த்தான் பட்டன் அமுக்குகிறார். போகிற வழியில் எங்கள் வீட்டு வேலியோரம் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி, “ஆத்தாடி, கால் வலிக்குதே” என்று இழுத்துச் சொல்லிவிட்டுப் போவார். சொல்லட்டும்.

எனக்கு நிம்மதி வரவில்லை. புதுப் பதிப்பை இறக்கிக்கொள்ளப் பெட்டிக்கு டேட்டா வேண்டும். ரீசார்ஜ் போடாத சிம், சிக்னல் எட்டாத பள்ளம், தானாக மாற வேண்டாம் என்று யாரோ அணைத்து வைத்த பெட்டி எல்லாம் இருக்கும். அங்கே பழைய நிரல்தான் ஓடும். ஆபீஸில் பெட்டியின் எண் வரும்போதெல்லாம், ‘மோட்டார் ஓடுகிறது’ என்று கேட்டதும், உடனே அவருக்குப் போடுகிறேன். அவர் ஹலோ சொல்வதில்லை. “ரெண்டு கையும் இருக்குது, வெய்யி,” என்கிறார்.

அவர் சொல்லிவிடுகிறார். மற்ற வீட்டில் யார் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் தோட்டத்துப் பெட்டி யார் செய்ததாக வேண்டுமானாலும் இருக்கட்டும், எந்தப் பெண் குரலில் வேண்டுமானாலும் பேசட்டும். மோட்டாரில் கை வைப்பதற்கு முன் மெயினை இறக்குங்கள். மூன்று கட்டையையும் பிடுங்குங்கள். சட்டைப் பை பத்தாவிட்டால் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். துண்டைச் சக்கரத்தின் மேல் போடாதீர்கள்.